வண்டியையே வீடாக்கிக் கொங்கு நாட்டைச் சுற்ற: தண்ணீர், சந்தை, இராத்தங்கல்

படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த வேனில் கொங்கு நாட்டை ஒரு வாரம் சுற்றிவர விரும்புகிறவர்கள், பெரும்பாலும் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். ஆழியாறு, அமராவதி, பவானிசாகர், கொல்லிமலை என்று அது நீண்டுவிடுகிறது. அந்தப் பட்டியலை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. நல்ல தண்ணீரை எங்கே பிடிப்பது, காய்கறியை எந்தக் கிழமையில் எந்த ஊரில் வாங்குவது, எரிவாயுவை எங்கே மாற்றுவது, துணியை எங்கே துவைத்து உலர்த்துவது, இரவில் யாருடைய இடத்தில் யாருடைய சம்மதத்தோடு வண்டியை நிறுத்துவது ஆகிய கேள்விகளுக்கு முதலில் விடை தேடிவிட்டால், போகவேண்டிய பாதை அதிலிருந்தே அமைந்துவிடும். இடங்களை மட்டும் வைத்துப் பாதை போட்டால், இருட்டிய பிறகு தண்ணீருக்கும் நிறுத்துமிடத்துக்கும் அலைய நேரிடும். தெரியாத ஊரில் இருட்டில் அலைவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய ஆபத்து.

இந்த வகைப் பயணத்துக்குக் கொங்கு நாடு மிகவும் ஏற்றது. கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் என்று போகும் சுற்றில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் ஏறத்தாழ 25 முதல் 50 கிலோமீட்டர்தான் இருக்கும்; சத்தியிலிருந்து புஞ்சைப் புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவைக்குத் திரும்பினால் வட்டம் முடிந்துவிடும். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வட்டத்தைத்தான். வெள்ளிக்கிழமை கோவையிலிருந்து கிளம்பினால், செவ்வாய்க்கிழமை ஈரோட்டுக்கும் வியாழக்கிழமை புளியம்பட்டிக்கும் போய்ச் சேர முடியும். அந்தக் கிழமைகள் ஏன் முக்கியம் என்பதைச் சந்தை பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சில செய்திகள். கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருப்பதால், வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் செய்துதரக் கைதேர்ந்த ஆட்கள் இங்கே எளிதில் கிடைப்பார்கள். ஆனால் பட்டறைக்குப் போவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு நிரந்தரக் கட்டில் பொருத்துவதும் கூரையை உயர்த்துவதும் அனுமதி இல்லாமல் செய்யத்தக்கவை அல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதைத்தான். சில நாள் பயணத்துக்கு மட்டும் வண்டி வேண்டும் என்பவர்கள், கேரவனாகவே பதிவான வண்டியை வாடகைக்கு எடுப்பது நல்லது. சொந்த வேன் உள்ளவர்கள், கழற்றி வைக்கக்கூடிய மெத்தையும் பெட்டிகளுமாக வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டியின் உயரத்தைக் கூரைமேல் உள்ள சூரியத் தகட்டையும் சேர்த்து அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நகரங்களில் ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப் பாலங்களில் அந்த எண் தேவைப்படும். மழைக்காலத்தில் கோவையின் அவினாசி சாலைப் பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்கும் என்பதால், பெருமழை பெய்த மாலைகளில் உயரம் சரியாக இருந்தாலும் அந்த வழியைத் தவிர்க்க வேண்டும்.

வண்டிக்கு வேண்டிய துணிமணிகளை வெளியூரிலிருந்து வாங்கிவர வேண்டியதே இல்லை. கொசுவலை கரூரிலேயே உற்பத்தியாகிறது. ஜன்னல் அளவைக் கொடுத்தால் வெட்டித் தைத்துத் தருவார்கள். போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் சென்னிமலையில் சென்டெக்ஸ் போன்ற கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. வண்டிக்கு வெளியே விரித்து உட்கார, பவானி ஜமுக்காளத்தைவிடப் பொருத்தமான விரிப்பை நான் அறியேன். தடித்த நூலில் நெய்தது என்பதால் கல் தரையிலும் தாங்கும், உதறினால் மண் போய்விடும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டரும், குளிக்க, பாத்திரம் கழுவ, கழிவறைக்கு என்று சிக்கனமாகச் செலவழித்தால் 15 முதல் 20 லிட்டரும் வேண்டும். இருவர் போகும் வண்டியில் 100 லிட்டர்த் தொட்டி இருந்தால் இரண்டு நாள்தான் தாங்கும். அதைவிடப் பெரிய தொட்டி வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் 100 லிட்டர் என்பது 100 கிலோ எடை, அதுவும் வளைவுகளில் அலம்பும் எடை. ஆகவே தொட்டியைப் பெரிதாக்குவதைவிட இரண்டு நாளைக்கு ஒருமுறை நிரப்பும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதே நல்லது. குடிநீரையும் புழங்கும் நீரையும் ஒரே தொட்டியில் வைக்கக்கூடாது. கொங்குச் சமவெளியில் இது வெறும் சுத்தம் சார்ந்த விதி மட்டும் அன்று. இங்கே ஊர்ப் பேச்சிலேயே நல்ல தண்ணி என்றும் உப்புத் தண்ணி என்றும் இரண்டு தண்ணீர் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கைகால் கழுவ மட்டுமே ஆகும், அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பல்லடம், அவினாசி வட்டாரங்களில் 1000 அடிக்கும் மேலே துளைத்த கிணறுகள் சாதாரணம். அங்கே தோட்டத்துக்காரர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தால், அது எவ்வளவு ஆழத்திலிருந்து என்ன மின்செலவில் வருகிறது என்பதை நினைத்து, புழங்குவதற்கு மட்டும் அளவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோவை மாநகரில் சிறுவாணி நீர் கிடைக்கும் பகுதியில் உறவினரோ நண்பரோ இருந்தால், கிளம்பும் காலையில் குடிநீர்க் குடங்களை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில், சுத்திகரிப்பு நிலையம் வைத்து 20 லிட்டர்க் கேன் விற்கும் கடைகளில் நம்முடைய கேனைக் கொடுத்து நிரப்பலாம். இதைக் காலை வேலைகளில் முதலாவதாக முடிக்க வேண்டும். ஆற்றிலும் வாய்க்காலிலும் குடிக்க எடுக்கவே கூடாது. குறிப்பாகத் திருப்பூருக்குக் கீழே நொய்யலிலும், சென்னிமலைப் பக்கம் உள்ள ஒரத்துப்பாளையம் அணையிலும் எந்தத் தேவைக்கும் நீர் எடுக்காதீர்கள். 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அந்த அணையில் சாயக்கழிவு தேங்கி, வயல்களும் கிணறுகளும் கெட்டன. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. தண்ணீர் பார்வைக்குத் தெளிந்திருந்தாலும் அந்த வரலாற்றை மறக்கலாகாது.

சந்தைக்கு வருவோம். காய்கறிக்கு உழவர் சந்தைதான் முதல் தேர்வு. பெரிய ஊர்களில் எல்லாம் உண்டு, விலை பலகையில் எழுதியிருக்கும், விளைவித்தவரே எடை போடுவார். ஆனால் விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்கு முன்பே கலைந்துவிடும் என்பதால், எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். சந்தை வாசலில் வேனை நிறுத்த இடம் இருக்காது. வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு ஒருவர் பையோடு நடந்து போவதும் ஒருவர் வண்டியிலேயே இருப்பதும் நல்ல ஏற்பாடு. வாரச் சந்தைகளில், புஞ்சைப் புளியம்பட்டியின் வியாழக்கிழமைச் சந்தை மாட்டுக்கும் ஆட்டுக்கும் பெயர்பெற்றது. தானியம், காய்கறி, கயிறு, மண்வெட்டிப் பிடி என்று தோட்டத்துக்கு வேண்டிய எல்லாமும் அன்று ஒரே இடத்தில் கிடைப்பதால், பயணத்தின் கடைசிக் கொள்முதலை அங்கே வைத்துக்கொண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கிவரலாம். ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை முழுக்க நடக்கும். துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு வாங்க அதுதான் நாள். அதே ஈரோட்டில் வியாழக்கிழமைகளில் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை கூடுவதால், காவிரிப் பாலத்தின் பக்கம் அன்று கேரவனோடு போனால் மாட்டு வண்டிகளுக்கு நடுவே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். செவ்வாயன்று ஈரோட்டு வேலைகளை முடித்து, புதனன்று கோபிப் பக்கம் நகர்ந்துவிடச் சொல்வது இதனால்தான்.

எரிவாயுவுக்கு 5 கிலோ உருளை போதுமானது. வீட்டு இணைப்பின் 14.2 கிலோ உருளை வீட்டு முகவரிக்கென்று கொடுக்கப்படுவது, எடையும் வண்டிக்கு ஒவ்வாதது. இந்தியன் ஆயிலின் சோட்டு உருளையை அடையாள அட்டை ஒன்றைக் காட்டிப் பல பெட்ரோல் பங்குகளிலும் முகவர்களிடமும் வாங்கலாம், காலியானதைக் கொடுத்து நிரம்பியதைப் பெறலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். எனவே உருளை வைக்கும் பெட்டியில் அடிப்பகுதியில் வெளிப்புறமாகத் திறக்கும் துளை இருக்க வேண்டும், வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடியிருக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைக்கவே கூடாது. கசிவை மூக்கு கண்டுபிடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

ஒற்றை அடுப்பில் செய்ய, கொங்கு வீடுகளின் அரிசியும் பருப்பும் சாதத்துக்கு இணையான உணவு இல்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. தேங்காய் எண்ணெயில் சீரகம், மிளகு, வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள்தூள் சேர்த்து, மொத்தத்துக்கு மூன்று பங்குத் தண்ணீர் விட்டுக் குக்கரை மூடினால் முடிந்தது. ஒரே பாத்திரம் என்பதால் கழுவும் தண்ணீரும் மிச்சம். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெயும் ஈரோட்டில் மஞ்சளும் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, இந்தச் சாதத்தின் சரக்கெல்லாம் வழியிலேயே கிடைத்துவிடும். நான்கைந்து நாள் கெடாமல் இருப்பது சின்ன வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய், பூசணி போன்றவை. கீரையும் தக்காளியும் அன்றன்றைக்கு வாங்க வேண்டும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும், அதற்கேற்ற சூரியத் தகடும் இருந்தால் மின்விசிறி, விளக்கு, கைபேசி மூன்றும் தாராளமாக ஓடும். பேட்டரியில் குளிர்சாதனத்தை ஓட்ட நினைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஏப்ரல், மே மாதங்களில் கரூர்ப் பக்கம் போகாமலிருப்பது நல்லது, அங்கே அப்போதைய வெயில் தகரக் கூரைக்குள் தூங்கவிடாது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை இரவு பகலாக அடிக்கும். அக்காலத்தில் வண்டியின் முகம் மேற்கே பார்க்கும்படி நிறுத்துங்கள், பக்கவாட்டுப் பந்தலை விரிக்காதீர்கள், அடுப்பை வெளியே வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை, மாசி இரண்டும்தான் என் கணக்கில் மிகச் சிறந்த மாதங்கள். அப்போது தைப்பூசத்தை ஒட்டிக் காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் சாலையோரம் முழுக்க இரவிலும் போவார்கள் என்பதால், அந்த நாட்களில் அப்பாதையில் இரவில் ஓட்டாமலிருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி இராத்தங்கல். கொங்கு நாட்டில் வெறுமையாகத் தெரியும் நிலத்துக்கும் உரிமையாளர் உண்டு. குடியானவர்கள் ஊருக்குள் சேர்ந்து வாழாமல் அவரவர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், வாழ்வது இங்கே நெடுநாள் வழக்கம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல ஏக்கர் இருக்கும். 2024இல் பல்லடம் அருகிலும் 2025இல் சிவகிரி அருகிலும் இப்படித் தனித்திருந்த தோட்டத்து வீடுகளில் முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, அந்நிய வண்டி ஒன்று இரவில் வேலியோரம் நிற்பதைக் கண்டால் அங்குள்ளவர்கள் அஞ்சுவது மிகவும் நியாயமானது. எனவே மாலை நான்கரை, ஐந்து மணிக்குள், வெளிச்சம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, நாய் குரைக்கும் தூரத்தில் நின்று கூப்பிட்டு, வெளியே வருபவரிடம், "ஏனுங்க, நாங்க கோயமுத்தூர்ல இருந்து குடும்பத்தோட வர்றமுங்க. ராத்திரிக்கு மட்டும் வண்டிய உங்க தோட்டத்துல ஓரமா நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்டு, அடையாள அட்டையை அவர் கேட்பதற்கு முன்பே நீட்டுங்கள். குடும்பத்துப் பெண்மணியும் இறங்கி நின்று பேசினால் தயக்கம் பெரும்பாலும் நீங்கும். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லிக் கிளம்பிவிட வேண்டும். சரி என்றால், எங்கே நிறுத்தலாம் என்பதை அவரே காட்டட்டும்; சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். பணம் நீட்டினால் பலர் வருத்தப்படுவார்கள், சந்தையில் வாங்கிய பழமோ குழந்தைகளுக்குத் தின்பண்டமோ கொடுப்பது ஏற்கப்படும்.

தென்னந்தோப்பில் மரத்தடியில் நிறுத்தக்கூடாது. காயோ மட்டையோ விழுந்தால் கண்ணாடி போகும், உயிரும் போகலாம். வரிசைகளுக்கு நடுவே உள்ள வண்டித் தடமே இடம். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் மாடும் ஆடும் ஆளில்லாமலே மேயும் என்பதால், திறந்த படலை (வேலிக் கதவை) உடனே சாத்த வேண்டும். அங்கே உதிர்ந்து கிடக்கும் வெள்வேல முள் டயரைத் துளைக்கும், ஆகையால் உள்ளே போகாமல் வேலிக்கு வெளியே நிற்பதே மேல். கரிசல் நிலத்தில் மழைக் குறி தெரிந்தால் தார்ச்சாலையை விட்டு இறங்கவே வேண்டாம்.

தோட்டத்தில் இடம் கிடைக்காத நாளில் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகள் கைகொடுக்கும். சேலம் - கொச்சி நெடுஞ்சாலையில் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவினாசிப் பக்கங்களில் லாரிகள் இரவு நிற்கும் பெரிய பங்குகள் உண்டு. டீசல் போட்டுவிட்டு மேலாளரிடம் கேட்டு, லாரிகளின் வரிசையில் ஓரமாக நின்றுகொள்ளலாம். கழிவறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் அங்கே இலவசமாகக் கிடைக்கவேண்டியவை. வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே உறங்கி வடநாடு வரை போய்வரும் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களிடம், எந்தப் பங்கு பாதுகாப்பானது, எங்கே தண்ணீர் நல்லது என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். இந்த வாழ்க்கையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

ஆற்றங்கரையில் தங்க ஆசைப்படுவது இயல்பு. மணல் திட்டில் மட்டும் வேண்டாம். மேட்டூரிலும் பவானிசாகரிலும் உபரி நீர் திறந்தால், மழையே பெய்யாத பவானியிலும் கொடுமுடியிலும் காவிரி இரவோடிரவாக ஏறும். கரைமேல், படித்துறைக்கு மேலே, கோயில் நிர்வாகத்திடமோ ஊராட்சியிடமோ கேட்டு நிறுத்துங்கள். ஆடிப்பெருக்கு நாளில் பவானிக் கூடுதுறையிலும் கொடுமுடியிலும் வேனுக்கு இடம் இருக்காது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில், கரை தாழ்வாகத் தெரிந்தாலும் இழுவை பலமானது என்பதால் குளிக்கவும் துவைக்கவும் இறங்கவேண்டாம். துணி வேலையைத் தோட்டத்துத் தொட்டியருகே வைத்துக்கொள்ளலாம். சோப்பு நீரை வாளியில் பிடித்து, உரிமையாளர் காட்டும் இடத்தில் ஊற்ற வேண்டும். கையடக்கக் கழிவறையின் கொள்கலனைப் பேருந்து நிலையக் கட்டணக் கழிவறையிலோ, சம்மதம் பெற்று ஒரு வீட்டுக் கழிவறையிலோ மட்டுமே காலி செய்ய வேண்டும். வாய்க்காலிலோ புதரிலோ கொட்டுவது, அந்தத் தண்ணீரைக் கொண்டு பண்ணையம் செய்பவருக்கு இழைக்கும் தீங்கு.

காட்டோரம் முற்றிலும் வேறு. ஆனைகட்டி, தடாகம், மதுக்கரை, சிறுமுகை, பண்ணாரி ஆகிய இடங்களில் யானைகள் இரவில் ஊருக்குள் இறங்கி, அரிசி வாசனைக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரையே இடித்திருக்கின்றன. அரிசி மூட்டையும் வாழைத்தாரும் உள்ள வேன் அவற்றுக்குச் சுவர்கூட அன்று. வனத்துறை நிலத்தில் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். ஆகவே அந்த ஊர்களைப் பகலில் பார்த்துவிட்டு, சமவெளி நகருக்குத் திரும்பி வந்து தங்குங்கள்.

மலைப்பாதைகளில், வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலையில் 70 வளைவுகளும், சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் வழியில் உள்ள திம்பத்தில் 27 வளைவுகளும் உண்டு; நீளமான கேரவனுக்குக் கொல்லிமலை ஏற்றதன்று, அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் போவது நல்லது. திம்பத்தில் 2022 பிப்ரவரி முதல் நீதிமன்ற உத்தரவின்படி இரவுக் கட்டுப்பாடு இருக்கிறது. கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணியோடும் மற்றவற்றுக்கு இரவு 9 மணியோடும் பாதை அடைபட்டு, காலை 6 மணிக்குத் திறக்கும். நீலகிரிக்கு 2024 மே மாதம் முதல் இணையத்தில் பெறும் இ-பாஸ் கட்டாயம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள் என்பதால், எவர்சில்வர்க் குடத்தில் நீர் கொண்டுபோங்கள். ஏறும் முன் டீசலை நிரப்பி, தண்ணீர்த் தொட்டியைக் கால் பங்காகக் குறைத்துவிட்டால் வண்டி இலகுவாக ஏறும். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்கி, பிரேக் பட்டை தீயும் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே கிளம்ப வேண்டும். சூடேறிய சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது.